கட்டுப்பட்டவளின் சாட்சி

இனி எங்கள் பகுதிக் கோடுகளில், அதாவது நீதிமன்றங்களில், வழக்குகள் தமிழிலேயே நடக்கப்போகின்றன என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. நடந்தால் நல்லதுதான். சாட்சி தமிழர், வாதாடுகிற பிரக்கிராசி தமிழர், வழக்காளியும் குற்றம் சாட்டப்பட்ட எதிரியும் தமிழர். இவர்கள் பேசுவதை எல்லாம் நீதவானுக்காக இங்கிலீசில் ஏற்றி இறக்க நடுவில் ஒருவன் நின்றான். அந்த ஒருவனாக நின்றே என் உத்தியோக காலம் முழுவதும் போனது.

போன மாதம் இந்த வேலைக்குப் புதிதாக வந்த இரண்டு இளைஞர்கள் சாவகச்சேரியில் என்னைத் தேநீருக்கு அழைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார்:

"ஐயா, உங்கடை காலத்திலை இங்கிலிசிலை போட ஆகக் கஷ்டமாயிருந்த சொல்லு எது?"

காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசுமார் பாவிக்கும் நீளமான சொல் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பார். நான், "கட்டுப்பட்டனான்" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "உதிலை என்ன கஷ்டம்? கட்டினதுக்கு பவுண்ட் எண்டு சொன்னால் முடிஞ்சுது."

"அப்பிடித்தான் நானும் நினைச்சனான்" என்றேன். தேநீர் ஆறுவதற்குள் சொல்லிமுடிக்கக் கூடிய கதை அல்ல அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். வீட்டில் சைவம், பள்ளிக்கூடத்தில் வேதப் புத்தகம். என் இங்கிலீசில் பாதி அந்தப் புத்தகத்திலிருந்து வந்தது. படிப்பு முடிந்ததும் யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்கக் காரியாலயத்தில், எழுதுவினைஞனாகச் சேர்ந்து, சோதனை எழுதி, ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளின் நடுவில் சாவகச்சேரிக் கோட்டுக்கு வந்தேன். கொஞ்சக்காலம் ஒரு மூத்த முதலியாரின் (கோட்டு மொழிபெயர்ப்பாளரை அப்படித்தான் அழைப்பார்கள்) பின்னால் நின்று கேட்டுப் பழகினேன். அவர் எனக்குக் கற்றுத்தந்தது இரண்டு விஷயங்கள்தான். சாட்சியின் முகத்தைப் பார்க்காதே, வாயைப் பார். தாகம் எடுக்குமுன்பே தண்ணீர் குடித்துவை.

நான் நிற்கும் இடம் சாட்சிக் கூண்டுக்கும் நீதவானின் மேசைக்கும் நடுவில். சைவச் சாட்சிகள் வேதப் புத்தகத்தில் கை வைப்பதில்லை. உண்மையே சொல்வேன் என்று நான் சொல்லச் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பிரக்கிராசி இங்கிலீசில் கேட்பார், நான் தமிழில் கேட்பேன். சாட்சி தமிழில் சொல்வார், நான் இங்கிலீசில் சொல்வேன். நீதவான் தன் கையாலேயே எழுதிக்கொள்வார். பிரக்கிராசிக்கும் சாட்சிக்கும் ஒரே ஊராகவும் இருக்கலாம். முந்தின நாள் ஒரே கோயிலில் வடம் பிடித்தவர்களாகவும் இருக்கலாம். கோட்டுக்குள் மட்டும் என்னைத் தாண்டி ஒருவரோடு ஒருவர் கதைக்க முடியாது.

சாட்சி "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்லவேண்டும். "அவள் சொல்கிறாள்" என்று ஆரம்பிக்கக் கூடாது. ஆகவே நல்ல மீசை வைத்த நான், கூண்டில் நிற்கும் கிழவிக்காக, "கடைசிப் பிள்ளை என் வயிற்றில் இருக்கும்போதே புருஷன் போய்விட்டான்" என்று உரத்த குரலில் சொல்வேன். புதிதாக வந்த பொலிசுக்காரர் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவார்கள்.

அதற்கு ஒருபோதும் சிரிக்காத ஒரு நீதவானின் கீழ் சில வருடங்கள் வேலை செய்தேன். முப்பதுகளின் தொடக்கம் அது. இங்கிலாந்தில் ஏதோ ஒரு நாட்டுப்புறத்திலிருந்து வந்தவர், கலியாணம் செய்யாதவர். ஈர்க்குப் போல மெலிந்து உயர்ந்த மனிதர். வெயிலுக்குக் கழுத்தில் ஈரக் கைலேஞ்சி ஒன்றைச் சுற்றிக்கொண்டே ஆசனத்தில் இருப்பார். கோட்டுச் சேவகர்கள் அவருக்குச் 'சொல்லுத் துரை' என்று பெயர் வைத்திருந்தார்கள். யாராவது ஒரு புதுச்சொல்லைச் சொல்லிவிட்டால் வழக்கை அப்படியே விட்டுவிட்டு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்வார். 'வடலி' என்றால் பனைதானே, அதற்கு ஏன் வேறு பெயர் என்று ஒரு முற்பகல் முழுவதும் கேட்டார். குட்டிப் பனை என்று நான் சொன்னது போதவில்லை. கடைசியில் கோட்டு வளவுக்குள் கூட்டிக்கொண்டு போய் ஒன்றைக் காட்டினேன். தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

ஆனால் என் வேலையில் மட்டும் கடுமையானவர். சாட்சி வளவளவென்று கதைக்கும்போது நான் சுருக்கிச் சொன்னால் பேனையை வைத்துவிடுவார். "சாட்சி என்ன சொன்னான் என்று கேட்டேன். அவன் என்ன நினைத்தான் என்று உம்மிடம் கேட்கவில்லை." குரலை உயர்த்தமாட்டார். அதைச் சொல்லிவிட்டு, பேனையை மறுபடி எடுக்கும்போது ஒரு சின்னத் தலையசைப்பு. கோபம் தீர்ந்தது என்று அர்த்தம்.

ஒரு மாரிகாலத்தில் அவருக்கு நல்ல காய்ச்சல். சமையற்காரன் லீவில் போயிருந்தான். பங்களாவில் தனியாகக் கிடக்கிறார் என்று வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி உடனே அடுப்பை மூட்டினாள்.

"வெள்ளைக்காரனெண்டாலும் காய்ச்சல் காய்ச்சல்தானே. இந்தக் கொத்தமல்லித் தண்ணியைக் கொண்டுபோய்க் குடுங்கோ. பின்னேரம் கஞ்சி தாறன்."

காய்ச்சல் விடும்வரை கஞ்சியும் ரசமும் போயின. எழும்பி நடமாடத் தொடங்கிய பிறகு ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, "உம்முடைய மனைவிக்கு நான் மிகவும் பிஹோல்டன் என்று சொல்லும்" என்றார்.

எனக்கு 'பிஹோல்ட்' தெரியும். வேதப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வரும். 'இதோ பார்' என்று அர்த்தம். அப்படியானால் 'பிஹோல்டன்' என்றால் பார்க்கப்பட்டவர். வீட்டுக்குப் போய் அப்படியே சொன்னேன்.

"துரை உன்னாலை பார்க்கப்பட்டவராம்."

மனைவி கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் எப்ப அவரைப் பாத்தனான்? கஞ்சியை நீங்கள்தானே கொண்டுபோனனீங்கள்."

அடுத்த நாள் மதிய இடைவேளையில் நீதவானிடமே கேட்டேன். நான் வீட்டில் சொன்னதையும் சொன்னேன். அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்ததைக் கண்டேன். பிறகு இளநீரை ஒதுக்கி வைத்துவிட்டு விளக்கத் தொடங்கினார்.

"ஹோல்ட் என்றால் பிடித்தல். அதன் முன்னால் ஒரு 'பி'யை ஒட்டினால், பழைய இங்கிலீசில், இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளுதல். காலப்போக்கில் அந்த வினை கண்ணால் பிடிப்பதற்கு, அதாவது பார்ப்பதற்குப் போய்விட்டது. வேதப் புத்தகத்தில் நீர் கண்டது அதைத்தான். வீட்டைவிட்டுப் போகாமல் பழைய பொருளோடு நின்றுவிட்ட பிள்ளைதான் இந்த பிஹோல்டன். இன்னொருவருடைய தயவினால் பிடிபட்டு நிற்பவன் என்று பொருள்."

"இப்போது பாவிக்கிறார்களா, சேர்?"

"படித்தவர்கள் பாவிப்பதில்லை. கடிதத்தின் அடியில் 'ஒப்லைஜ்ட்' என்று எழுதுகிறார்கள். அதுவும் இலத்தீனில் கட்டுவதுதான். ஆனால் அந்தக் கயிறு நைந்துபோய்விட்டது. கட்டப்பட்டவன் என்பதற்கு 'பவுண்டன்' என்று இன்னொரு பழைய சொல் இருக்கிறது. இப்போது 'கடமை'க்கு முன்னால் நிற்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. என் ஊரில் வயலில் வேலை செய்யும் வயதானவர்கள் இன்னமும் பிஹோல்டன் என்கிறார்கள். சொல்லும்போது தொப்பியைக் கழற்றுவார்கள்."

தமிழில் நாங்கள் 'கட்டுப்பட்டவன்' என்று சொல்வோம், அதிலும் கட்டுத்தான் இருக்கிறது என்று சொன்னேன். சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. மேசையில் கிடந்த ஒற்றுத்தாளில் பென்சிலால் எழுதிவைத்துக்கொண்டார்.

தெய்வானையின் வழக்கு அதற்குச் சில மாதங்கள் கழித்து வந்தது.

தென்மராட்சியில் ஒரு கிராமம். கதிரவேலு என்ற கமக்காரரும் தம்பையா என்ற கமக்காரரும் அடுத்தடுத்த தோட்டக்காரர்கள். நடுவில் இருவருக்கும் பங்கான ஒரு துலாக் கிணறு. ஒருவர் துலா என்ற ஏற்ற மரத்தில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, இன்னொருவர் கிணற்றடியில் நின்று பனையோலைப் பட்டையால் தண்ணீரைக் கோலி ஊற்ற, மூன்றாவது ஆள் வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாற்றிவிடவேண்டும். இன்னார் முறை இன்ன நேரம் என்று தகப்பன்மார் காலத்திலேயே பேசி வைத்தது. மழை பிந்தின அந்த வருடம் புகையிலைக் கன்றுகள் வாடிக்கொண்டிருந்தன. ஒரு காலை கதிரவேலு தன் முறைக்கு வந்தபோது தம்பையா இன்னும் துலாவில் நின்றார். வாய்த்தர்க்கம் வந்தது. தம்பையா துலாவின் பின்பக்கம் நடந்து அது நிலத்தை நோக்கித் தாழ்ந்தபோது கதிரவேலு அவருடைய காலைப் பிடித்து இழுத்தார் என்பது வழக்கு. விழுந்த இடத்தில் கல். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

தான் இழுக்கவில்லை, கால் வழுக்கி விழுந்தார் என்றார் கதிரவேலு. இழுத்ததைக் கண்டேன் என்றார் பட்டை பிடித்த தம்பையாவின் தம்பி. தம்பி தமையனுக்காகச் சொல்கிறான் என்று எதிர்ப்பக்கம் சொன்னது. வாய்க்காலில் நின்றவர் தோட்டத்தின் மறுகோடியில் இருந்ததால் எதையும் காணவில்லை. அந்தக் காலையில் கிணற்றடியில் நின்ற இன்னொருவர் தெய்வானை மட்டும்தான். கதிரவேலுவின் முறைக்குத் தண்ணீர் மாற மண்வெட்டியோடு வந்தவள். அவளுடைய குடும்பம் கதிரவேலுவின் வீட்டுக்குத் தலைமுறையாகக் குடிமை ஊழியம் செய்த குடும்பம். அடிமை என்ற சொல்லைச் சட்டம் ஒழித்து எவ்வளவோ காலம். ஊரின் நாக்கிலிருந்து அது இன்னும் போயிருக்கவில்லை. கதிரவேலுவின் பிரக்கிராசி அவளைத் தன் சாட்சியாக அழைத்திருந்தார். அந்த வீட்டுச் சோறு தின்பவள் வேறெதைச் சொல்லப்போகிறாள் என்ற தைரியம்.

முப்பது வயதிருக்கும். கறுத்த, உயரமான பெண். கூண்டில் ஏறியதும் எதிரிக் கூண்டில் நின்ற கதிரவேலுவை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உண்மையே சொல்வேன் என்று நான் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொன்னாள்.

முதல் கேள்வி கேட்கப்படுமுன் தம்பையாவின் பிரக்கிராசி எழும்பினார். குண்டான மனிதர், நல்ல பகிடிக்காரர், கோட்டுக்கு வெளியே எனக்குச் சிநேகிதர்.

"இந்தச் சாட்சி சொல்லப்போவதைக் கேட்குமுன் ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும். எதிரியின் வீட்டுக்கு இவள் பவுண்ட் ஆனவளா இல்லையா? ஆம் என்றால் இவளைக் கேட்டு நேரத்தை வீணாக்கத் தேவையில்லை."

நீதவான் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் தமிழில் கேட்டேன்:

"நீ கதிரவேலுவின்ரை வீட்டுக்குக் கட்டுப்பட்டனியோ?"

அவள் யோசிக்கவே இல்லை. "ஓம் ஐயா. அண்ணைக்கு நான் கட்டுப்பட்டனான்தான்."

என் வாயில் "யெஸ், ஐ ஆம் பவுண்ட்" என்று அரைவாசி வந்துவிட்டது. அங்கேயே நின்றுபோனேன்.

பிரக்கிராசி கேட்டது கயிற்றால் கட்டினதை. அதற்குச் சரியான தமிழ்ச்சொல்லைத்தான் நான் கொடுத்தேன். ஆனால் அவள் வாயிலிருந்து அதே சொல் திரும்பி வந்தபோது அதில் கயிறு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. 'வீட்டுக்கு' என்று நான் கேட்டேன், 'அண்ணைக்கு', தமையனுக்கு, என்று அவள் சொன்னாள். 'நயினார்' என்று அவள் சொல்லவில்லை. அவரை 'ஐயா' என்றும் சொல்லவில்லை. 'பவுண்ட்' என்று நான் சொன்னால் நீதவான் அப்படியே எழுதிக்கொள்வார். இவள் கட்டப்பட்டவள், எசமான் சொல்வதைச் சொல்பவள் என்று ஆகிவிடும். அதன்பிறகு அவள் எதைச் சொன்னாலும் அது காற்றோடு போகும். வேறு சொல்லைப் போட்டாலோ, அவள் நினைத்ததை நான் சொல்வதாகும். எது எனக்குக் கண்டிப்பாகக் கூடாதோ அது.

கோட்டில் மொழிபெயர்ப்பாளன் மௌனமாக நின்றால் எல்லோருக்கும் கேட்கும். பின்வாங்கில் இருந்த கிழவர்கள்கூடக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். நீதவான் பேனையை வைத்தார்.

"என்ன சொன்னாள்?"

"சேர், கேள்வியில் இருந்த பவுண்ட் என்ற சொல்லுக்கு நான் கொடுத்த தமிழ்ச்சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. சாட்சி அதே சொல்லைத் திருப்பிச் சொல்லுகிறாள். எந்தப் பொருளில் என்று என்னால் சொல்ல முடியாது."

"இரண்டாவது பொருள் என்ன?"

"பிஹோல்டன், சேர்."

அவருடைய முகத்தில் ஒரு சின்ன அசைவு வந்து போனது. குண்டுப் பிரக்கிராசி குதித்து எழும்பினார். மொழிபெயர்ப்பாளர் சாட்சி சொல்லக் கூடாது, சாட்சிக்கு ஆடை அணிவிக்கவும் கூடாது என்றார். நியாயமான பேச்சு. அவருடைய இடத்தில் நான் நின்றிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

"பிரக்கிராசி சொல்வது சரி" என்றார் நீதவான். "அவள் எதை நினைத்தாள் என்று சொல்ல முதலியாருக்கு உரிமை இல்லை. எனக்கும் இல்லை. அவளுக்குத்தான் உண்டு. எதனால் கட்டுப்பட்டவள் என்று அவளிடமே கேளும்."

கேட்டேன். "எதாலை கட்டுப்பட்டனி? விளங்கச் சொல்லு."

அவள் கூண்டின் மரச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்ரை அம்மாவும் அப்புவும் ஒரு கோதாரி நோயிலை ஒண்டாச் செத்துப்போட்டினம். நான் தவழுற பிள்ளையாம். வீட்டுக்குக் கிட்டப் போக ஆக்கள் பயந்தவை. அண்ணை அப்ப இளந்தாரி. அவர்தான் உள்ளை போய் என்னைத் தூக்கித் தோளிலை போட்டுக்கொண்டு வந்தவர். அவரின்ரை அம்மா படலையைத் திறக்க மாட்டன் எண்டு நிண்டவ. திறக்கும்வரைக்கும் படலைக்கு வெளியிலை என்னை வைச்சுக்கொண்டு இருந்தவராம். நான் வளந்தாப்போலை இன்னொரு வீட்டுக்காரர் என்னை வேலைக்குக் கேட்டு வந்தவை. அவள் எங்கடை பிள்ளை, குடுக்கிறதுக்கு மாடில்லை எண்டு சொல்லிவிட்டவர். வேறை ஒருத்தரும் என்னை அப்பிடிச் சொன்னதில்லை. அதாலைதான் ஐயா கட்டுப்பட்டனான். வேறை கட்டு ஒண்டும் இல்லை."

நான் ஒவ்வொரு வசனமாக இங்கிலீசில் சொன்னேன். "அவர் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்" என்று 'என்னை' போட்டுச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். நீதவான் ஒன்றையும் விடாமல் எழுதினார். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அவருடைய எழுத்து தெரியும். 'பிஹோல்டன்' என்று எழுதி முடித்தபின் பேனை ஒரு நிமிஷம் தாளுக்கு மேலே நின்றது. பிறகு, சாட்சியைக் கேட்கலாம் என்றார்.

கதிரவேலுவின் பிரக்கிராசி சிரித்த முகத்தோடு எழும்பினார். இதைவிட நல்ல தொடக்கம் அவருக்குக் கிடைத்திராது.

"அன்று காலை தம்பையா எப்படி விழுந்தார்?"

நான் கேட்டேன். தெய்வானை கதிரவேலுவைப் பார்க்கவில்லை. சட்டத்தைப் பிடித்திருந்த தன் கைகளைப் பார்த்தாள்.

"அண்ணை காலைப் பிடிச்சு இழுத்தவர். இழுக்கத்தான் விழுந்தவர்."

நான் சொன்னேன். பிரக்கிராசிக்குத் தமிழிலேயே விளங்கியிருந்தது. ஆனாலும் நான் இங்கிலீசில் சொல்லும்வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், நான் வேறு எதையாவது சொல்லிவிடுவேன் என்பதுபோல.

நீதவான் முன்னால் சாய்ந்தார். "நீ எதிரிக்குப் பிஹோல்டன் என்று சற்று முன்புதான் சொன்னாய். அவர் உன்னைக் காப்பாற்றியவர். இப்போது நீ சொல்வது அவரை மறியலுக்கு, சிறைக்கு அனுப்பும். அது உனக்குத் தெரியுமா?"

"தெரியும் ஐயா. இரவு முழுக்க அதைத்தான் யோசிச்சனான்."

"பிறகு ஏன் சொல்கிறாய்?"

அவள் சொல்லத் தொடங்கியபோது என்னிடம் சொல்லவில்லை, நீதவானிடமும் சொல்லவில்லை. கேள்விகள் தொடங்கியபின் முதன்முறையாகக் கதிரவேலுவின் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"அண்ணை கெட்டவரில்லை. கோவத்திலை செய்தவர். நான் இல்லையெண்டு சொன்னால் இண்டைக்கு வீட்டை வந்திடுவார். வந்து? வேலிக்கு அங்காலை தம்பையாண்ணை எழும்பேலாமல் முனகிக்கொண்டு கிடக்கிறார். எங்கடை குசினிக்கு அது கேக்குது. அதைக் கேட்டுக்கொண்டு இவர் எத்தினை நாளைக்குச் சோறு தின்னுறது? இப்பவே தின்னுறேல்லை. பிசைஞ்சுபோட்டு எழும்பிப் போறார். எனக்கு அதைப் பாக்கேலாமல் கிடக்கு."

நான் இதை இங்கிலீசில் சொல்லி முடிக்கவில்லை. 'குசினி' வரைக்கும்தான் வந்திருப்பேன். எதிரிக் கூண்டில் இருந்து கதிரவேலுவின் குரல் வந்தது.

"ஐயா, அவளை இனிக் கேள்வி கேக்க வேண்டாம். நான்தான் இழுத்தனான். விழுத்தவேணுமெண்டு நினைக்கேல்லை, ஆனால் இழுத்தனான். அவள் சொன்னதெல்லாம் சரி. அவளை இறங்கச் சொல்லுங்கோ."

எதை முதலில் மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் நின்றது அந்த ஒரு தடவைதான். நீதவான் கையை உயர்த்தி, "முதலில் அவளுடையதை முடியும், பிறகு அவருடையது" என்றார். அப்படியே செய்தேன். கதிரவேலுவின் பிரக்கிராசி தன் கடதாசிகளை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குண்டுப் பிரக்கிராசி கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அந்த மனிதரிடம் அன்று எனக்கு இருந்த மரியாதை என்றைக்கும் குறையவில்லை.

தீர்ப்பு பின்னேரமே வந்தது. தானாக ஒப்புக்கொண்டதை எண்ணி, கொடுக்கக்கூடியதைவிடக் குறைவாக, சில மாத மறியல்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தம்பையாவின் இடுப்பை முறிவுப் பரியாரி ஒருவர் கட்டி நிமிர்த்தினார். நடக்கலாம், ஆனால் காலைச் சாய்த்துத்தான் நடக்கவேண்டும். துலாவில் ஏற இனி முடியாது. கதிரவேலு மறியலால் வந்தபின் தன் முறைக்கும் தம்பையாவின் முறைக்கும் தானே துலா மிதித்தார். யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. வருடங்கள் கழித்து அந்தப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போனபோது நானே கண்டேன். அவர் துலாவில் நடக்கிறார், தம்பையா கிணற்றுக் கட்டில் ஒரு முக்காலி போட்டிருந்து பட்டை பிடிக்கிறார். இருவரும் புகையிலை விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நீதவான் மலைநாட்டுக்கு மாற்றலாகிப் போனார். உலக யுத்தம் தொடங்கும்வரை நத்தார்ப் பண்டிகைக்கு ஒவ்வொரு வருடமும் எழுதுவார். என் மனைவிக்குத் தனியாக ஒரு வரி இருக்கும்.

தெய்வானையைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். அதைச் சொல்வதற்குத் தீர்ப்புச் சொன்ன அன்றைய பின்னேரத்துக்குத் திரும்பவேண்டும்.

கோடு கலைந்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் வாகனத்துக்காகக் கதிரவேலுவை வளவுக்குள் ஒரு வேப்பமரத்தடியில் பொலிசுக்காரர் இருத்தி வைத்திருந்தார்கள். படலையடியில் அவர் வீட்டு மாட்டுவண்டில். அதில் அவருடைய மனைவி பொன்னம்மா, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு. அவளுடைய தமையன் மாடுகளைப் பூட்டிவிட்டு நின்றார். காலையில் அந்த வண்டிலில் வந்த தெய்வானை இப்போது அதற்குக் கிட்டப் போகவில்லை. மதிலோரமாகத் தனியே நின்றாள். அவளை யாரும் கூப்பிடவும் இல்லை.

வீட்டுக்குப் புறப்பட்ட நான் அவளிடம் போனேன். "பிள்ளை, போக இடம் இருக்கோ?" வேண்டுமானால் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று மனதுக்குள் நினைத்திருந்தேன்.

அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. சேலைக்குள் மறைத்து வைத்திருந்த வாழையிலைப் பொதி ஒன்றை வெளியே எடுத்தாள்.

"அண்ணைக்குச் சோறு கட்டிக்கொண்டந்தனான். மறியலுக்குப் போனால் ராச்சாப்பாடு பிந்துமாம். குடுக்க விடுவினமோ, கேட்டுச் சொல்லுங்கோ ஐயா."

விடியமுன்பு சமைத்திருக்கிறாள். கூண்டில் ஏறுவதற்கு முன்பே, தான் என்ன சொல்லப்போகிறாள் என்பதும் அதனால் கதிரவேலு எங்கே போகப்போகிறார் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

பொலிசுக்காரர் விறாந்தையைப் பார்த்தார். நீதவான் தொப்பியைக் கையில் பிடித்தபடி அங்கே நின்றார். நான் போய்க் கேட்டேன். தலையசைத்தார்.

அவள் பொதியைக் கதிரவேலுவின் முன்னால் வைத்து அவிழ்த்தாள். கத்தரிக்காய்க் குழம்பு வாசம் எனக்கு வந்தது. அவர் சோற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். காலையிலிருந்து அவள் முகத்தை அவர் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"நீ சாப்பிட்டனியே?"

"இல்லை."

நீதவான் தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார். "என்ன சொல்கிறார்?"

"நீ சாப்பிட்டாயா என்று கேட்கிறார், சேர்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், சேர்."

கதிரவேலு இலையை நடுவால் கிழித்தார். சோற்றைக் கையால் இரண்டாகப் பிரித்து, பெரிய பங்கை அவள் பக்கம் தள்ளினார். அவள் தயங்கினாள். அத்தனை பேர் முன்னால் அந்த வீட்டுக்காரரோடு எதிரெதிரே இருந்து அவள் ஒருபோதும் சாப்பிட்டிருக்கமாட்டாள். "இரு" என்றார் அவர். அவள் நிலத்தில் உட்கார்ந்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். கதிரவேலு கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டதை நான் பார்த்தேன்.

வாகனம் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனபின் வளவு வெறுமையாய்ப் போனது. தெய்வானை இலைகளை மடித்து எடுத்துக்கொண்டு மறுபடி மதிலோரம் போய் நின்றாள். தமையன் மாடுகளைத் தட்டினார். வண்டில் அசைந்து, பிறகு நின்றது. பொன்னம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே தள்ளி இருந்து இடம் விட்டாள். தெய்வானையைப் பார்க்காமலே, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"ஏறு. மாட்டுக்குத் தண்ணி வைக்க வீட்டிலை ஆரும் இல்லை."

அதற்கு என்ன அர்த்தம் என்று நீதவான் என்னிடம் கேட்கவில்லை. தெய்வானை வண்டிலில் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.